கங்காருக் குட்டி நடத்திய பாடம்

‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் எனக்குப் பிடித்த ஆங்கில வாத்தியார் ஜோயி. படிப்பு வாசனை அவ்வளவாக இல்லாத ஆள். அவனுடைய நண்பர்கள் மோனிகாவும் சாண்ட்லரும் குழந்தையைத் தத்தெடுக்க அவன் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். மேதாவியாகத் தெரிய ஆசைப்பட்டு, கணினியில் தெசாரஸைத் திறந்து எல்லாச் சொல்லையும் மாற்றித் தள்ளுகிறான். அன்பானவர்கள் என்று சொல்ல எழுதிய ‘வார்ம்’, புழுக்கத்துக்குரிய ‘ஹ்யூமிட்’ ஆகிறது. இதயம், ரத்தம் இறைக்கும் பம்பாகிறது. ஆங்கிலத்தில் கங்காருக் குட்டிக்கும் ஜோயி என்றுதான் பெயர். ஆகவே கையெழுத்து ‘பேபி கங்காரு’! ஒரே பொருள் என்று பட்டியலிட்ட சொற்கள் எல்லா இடத்துக்கும் பொருந்தா என்பதை இவ்வளவு பளிச்சென்று சொன்ன பாடப்புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

இலக்கணப் பாடமும் உண்டு. 1997-இல் வந்த நான்காம் சீசனின் முதல் எபிசோடில், காதலி ரேச்சலின் 18 பக்கக் கடிதத்தால் மூண்ட சண்டையின் உச்சத்தில், ‘யூ ஆர்’ சுருங்கும்போதுதான் அபாஸ்ட்ராஃபி வரும் என்று ராஸ் எழுத்துக் கூட்டிக் கத்துகிறான். காதலே முறிகிறது, மனுஷனுக்கு இலக்கணம்!

தென்கொரிய இசைக் குழுவான பி.டி.எஸ்.-இன் ஆர்.எம். இந்தத் தொடரைப் பார்த்தே ஆங்கிலம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்: முதலில் கொரிய சப்டைட்டில், பிறகு ஆங்கிலம், கடைசியில் எதுவுமில்லாமல். அப்படிப் பார்க்கும்போது, பின்னணியில் எல்லோரும் சிரித்து நமக்கு மட்டும் சிரிப்பு வராத இடம்தான் ரீவைண்ட் செய்ய வேண்டிய இடம்.