இரண்டாம் ஊசிக்கு எத்தனை வாரம்?

2021இல் கோவிஷீல்டு ஊசி போட்டுக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நினைவிருக்கும். அவ்வாண்டு ஜனவரியில், இரண்டாம் தவணைக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி போதும் என்றார்கள். மார்ச்சில் 8 வாரம் வரை போகலாம் என்றார்கள். மே 13ஆம் நாள் அது 12 முதல் 16 வாரம் ஆயிற்று. ஊசி மாறவில்லை; நாள் மட்டும் மாறியது. ஏன்?

அறிவியல் காரணம் உண்டு. முதல் ஊசிக்குப் பின் நம் நிணநீர் முடிச்சுகளில் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகுகின்றன. அவற்றுள், வைரஸை இறுகப் பற்றும் எதிர்ப்பொருளை ஆக்குபவை தேர்ந்தெடுக்கப்பட்டு, 'நினைவு' அணுக்களாகத் தங்குகின்றன. இது முதிரப் பல வாரம் ஆகும். முதிர்ந்த பின் போடும் இரண்டாம் ஊசிக்குப் பலன் மிகுதி. 2021 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின்படி, 6 வாரத்துக்குள் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு சுமார் 55 விழுக்காடு. 12 வாரமோ அதற்கு மேலோ பொறுத்தவர்களுக்கு 81. ஆனால் அது இடைவெளிகளை ஒப்பிடுவதற்கென்றே திட்டமிட்ட சோதனை அன்று.

இன்னொன்றையும் பாருங்கள். காத்திருக்கும் வாரங்களில் உங்களைக் காப்பது ஒரே ஊசிதான். அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டா வகைக்கு எதிராக, ஒரு தவணை 33 விழுக்காடும் இரு தவணை 60 விழுக்காடும் காப்பதாக இங்கிலாந்துக் கணக்கொன்று அதே மே மாதம் காட்டியது. நாம் இடைவெளியை நீட்டிய மறுநாளே, அந்நாடு 50 வயதைக் கடந்தவர்களுக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைத்தது!

நீட்டியதே தவறு என்று சொல்ல வரவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில், பத்துப் பேருக்கு இரண்டிரண்டு ஊசி போடுவதைவிட இருபது பேருக்கு ஒவ்வொன்று போடுவது நியாயமாகவே இருக்கலாம். அதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நம் குறை. அரசின் அறிவிப்போ இங்கிலாந்தின் அனுபவத்தையே காரணமாகக் காட்டியது. 12 வாரத்துக்கு மேல் போதிய சான்று இல்லை என்று ஆலோசனைக் குழுவினர் சிலரே ஜூனில் செய்தியாளரிடம் கூறினர். சான்றின்படியே முடிவெடுத்ததாக அரசு பதிலளித்தது. இதைக் கேட்ட மக்கள் எதை நம்புவது?

கக்குவான் இருமல் இளங்குழந்தைகளையே மிகுதியாகக் கொல்லும். ஆகவேதான் நம் நாட்டில் அதற்கான ஊசியை 6, 10, 14 வாரங்களிலேயே போட்டுவிட்டு, ஊக்க ஊசியை ஒன்றரை வயதையொட்டிப் போடுகிறோம். முதலில் உடனடிக் காப்பு, பிறகு நீடித்த காப்பு. எந்த இடைவெளியும் இவ்விரண்டையும் எடைபோட்டு எடுக்கும் முடிவே.

அடுத்த முறை நாள் மாறும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: காத்திருப்பதால் என்ன கிடைக்கும்? அதுவரை என்னைக் காப்பது எது? இவற்றுக்கு விடை கேட்பது ஊசியைச் சந்தேகிப்பதாகாது; அறிவியலை மதிப்பதாகும்.