சூசையின் மௌனம்

புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூரிலும் ஊழியம் செய்தவர் வீரமாமுனிவர். இயற்பெயர் கான்ஸ்டான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி. நாடு, உடை, உணவு, பெயர் எல்லாம் விட்டார். சுயத்தை விட்டாரா என்பதற்குத் தேம்பாவணிதான் (1726) சாட்சி.

சுவிசேஷங்களில் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் சொல்லப்பட்டதை எழுந்து செய்கிறார், அவ்வளவே. தன்னை விடுதலுக்கு இதைவிடச் சிக்கனமான படிமம் எனக்குத் தெரிந்து இல்லை. முனிவரோ அவரை வளன் என்றாக்கி, 3615 பாடல்களில் நாடு நகரமெல்லாம் பாடி, பேசவும் வைக்கிறார். பாத்திரம் பணிந்து நிற்க, மொழி கம்பனோடு போட்டிக்குப் போகிறது. பண்டிதர்கள் இதைத்தான் சாதனை என்று கொண்டாடினார்கள். ஜுசெப்பே என்றாலும் சூசைதான். துறந்த பெயர் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து காவிய நாயகனாக உட்கார்ந்துகொள்கிறது. கடைசிப் படலத்தில் முடிசூட்டு வேறு. அந்தத் தச்சருக்குக் கிரீடம் யார் கேட்டது?