பார்க்கலாம், தொடக்கூடாது: கிட்ஹப் எம்சிபி சர்வரின் ரீட்-ஒன்லி மோடு

ஏஐ ஏஜென்ட் கையில் டூலைக் கொடுத்தால் எதையாவது அழித்துவிடுமோ என்பதுதான் பலருக்கும் முதல் பயம். ஏஜென்ட்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது விதிமுறைதான் எம்சிபி. கிட்ஹப்பின் எம்சிபி சர்வர் அந்தப் பயத்தைச் சுலபமாகத் தீர்த்துவிடுகிறது. ரிமோட் சர்வர் முகவரியின் கடைசியில் ‘ரீட்ஒன்லி’ என்று சேர்த்தால் போதும். எழுதும் டூல்கள் எதுவும் ஏஜென்ட்டின் கண்ணிலேயே படாது. இஷ்யூ ஒன்றைத் திறக்கச் சொன்னேன், கையை விரித்துவிட்டது. கம்ப்யூட்டரில் எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை என்பதால், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், தேனி மாவட்டம் போடி அருகேயுள்ள மலைக்கிராமமான குரங்கணியிலும் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வேலை ஓடியது.

இந்தப் படிக்கும் டூல்களில் ஆளைத் தேடுவதற்கு முக்கியமானவை இரண்டு. ‘கெட் மீ’ உங்கள் சொந்த விவரத்தைத் தரும். ‘சர்ச் யூசர்ஸ்’ பெயர், ஊர் போன்றவற்றை வைத்து மற்றவர்களைத் தேடும். இவற்றோடு வரும் விளக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். எதற்குப் பயன்படும், தேடல் சொல்லை எப்படி எழுதுவது என்று மாதிரியோடு சொல்கிறது. அது நமக்காக எழுதியது அல்ல. எந்த டூலை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வதே பெரும்பாலும் அந்தச் சில வரிகளை வைத்துத்தான்.

ஆனால் விளக்கம் நன்றாக இருந்தாலும் தரவு தன் குணத்தைக் காட்டும். கிட்ஹப்பில் ஊர் என்பது அவரவர் கையால் எழுதுவது. ஒருவர் ‘போடி’ என்பார், இன்னொருவர் ‘போடிநாயக்கனூர்’, மூன்றாமவர் ‘தேனி’. வேலைக்குப் போனவர் ‘பெங்களூரு’ என்றே எழுதியிருப்பார். எனவே “போடியில் இத்தனை டெவலப்பர்கள்” என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதே அச்சில் சொந்தமாக ஒரு சின்ன டூல் எழுதிப் பார்த்தேன். குரங்கணி–சாம்பலாறு பாதையில் போகிறவர்களின் கற்பனைப் பட்டியல். பெயரைக் கொடுத்தால் குழுவும் பாதையும் வரும், அவ்வளவுதான். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இந்தப் பாதையும் ஒன்று, முன்பதிவு ஆன்லைனில்தான். நாளைக்கே யாராவது இப்படிப்பட்ட பட்டியலை ஏஜென்ட்டிடம் கொடுக்கத்தான் போகிறார்கள்.

முதல் தகராறு இனிஷியலில் வந்தது. ‘எஸ். கார்த்திக்’, ‘கார்த்திக் எஸ்’, ‘கார்த்திக் சுந்தரம்’ மூன்றும் ஒரே ஆளா, மூன்று பேரா? ஏஜென்ட் பட்டியலில் முதலில் வந்தவரைப் பிடித்துக்கொண்டு சந்தேகமே இல்லாமல் பதில் சொன்னது. ‘ஒன்றுக்கு மேல் கிடைத்தால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே, எல்லாவற்றையும் காட்டிக் கேள்’ என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் அடங்கியது.

அடுத்தது அதைவிடப் பெரியது. பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டேன். டூல் வெறுமையைத் திருப்பியது. ஏஜென்ட் “அவர் மலைக்குப் போகவில்லை” என்றது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயை அறிந்தவர்களுக்கு இந்த வாக்கியம் தூக்கிவாரிப் போடும். இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தத் தீயில் சிக்கியவர்கள் அனுமதி இல்லாத பாதையில் போனதாகத்தான் வனத்துறை அப்போது சொன்னது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளும் வந்தன. பதிவில் பெயர் இல்லாதவரும் மலையில் இருக்கலாம். ஆகவே வெறுமைக்குப் பதிலாக ‘இந்தப் பட்டியலில் இல்லை, வேறு வழியாகப் போயிருக்கலாம், பட்டியல் இத்தனை மணி நிலவரம்’ என்று டூலே சொல்லும்படி மாற்றினேன். ஆள் தேடும் டூலுக்கு விளக்கம் எழுதுகிறவர்கள், ஆள் கிடைக்காதபோது என்ன சொல்வது என்பதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். என் அனுபவத்தில் பலரும் எழுதாமல் விடுவது அதைத்தான்.

‘ரீட்-ஒன்லி’ என்ற குறியையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்சிபி விதிமுறையில் ‘ரீட் ஒன்லி ஹின்ட்’ என்பது டூல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. நம்பகமான சர்வரிலிருந்து வராவிட்டால் நம்பாதே என்று அந்த விதிமுறையே எச்சரிக்கிறது. கிட்ஹப் செய்வதுபோல எழுதும் டூல்களைக் கண்ணில் காட்டாமல் வைப்பது அதைவிட உறுதியானது. ஆனாலும் படிப்பதிலேயே ஆபத்து உண்டு. பொது ரெப்போவில் யாரோ எழுதிவைத்த இஷ்யூவைப் படித்த ஏஜென்ட்டை ஏமாற்றி, தனிப்பட்ட ரெப்போவின் விவரத்தை வெளியே கொண்டுவர முடியும் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் 2025 மே மாதம் காட்டியது. ஒருவரின் ‘பயோ’விலும் அப்படிக் கட்டளை ஒளிந்திருக்கலாம்.

ரீட்-ஒன்லி மோடை எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். அதோடு டோக்கனையும் படிக்கும் அனுமதிக்கு மட்டும், தேவையான ரெப்போக்களுக்கு மட்டும் எடுங்கள். சொந்த டூல் எழுதுகிறவர்கள் போன் நம்பரை விடையில் சேர்க்காதீர்கள். கேட்டால் ‘பொறுப்பாளரிடம் கேளுங்கள்’ என்று திருப்பி அனுப்புங்கள். என் டூல் இப்போது அப்படித்தான் செய்கிறது.