கத்தரியும் முகமும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணப் புகுந்த நன்னூலார், குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அதனையடுத்தும் வைத்தார். நிழற்படக் கலைஞர்களோ பெரும்பாலும் இரண்டாவதற்கே அஞ்சுகின்றனர். ஒருவரைப் படமெடுத்த பின், நெகடிவில் விழுந்துவிட்ட தூணும் திரைச்சீலையும் அயலார் தோளும் மிகையாகத் தோன்றுகின்றன. அச்சிடும்போது அவற்றைக் கத்தரித்து விடுகின்றனர். மிகை நீங்கிற்றா என்று பார்க்கும் கண், பொருள் குன்றிற்றா என்று பார்ப்பதில்லை. உருவப்படத்தைத் திறனாய்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே என்பது என் கருத்து.

கத்தரிப்புக்குத் தொழில்முறை விதிகள் சில உண்டு. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் முதலிய மூட்டுகளில் படத்தின் விளிம்பு விழலாகாது. விழுந்தால் உறுப்பே அங்கு முடிந்துவிட்டதுபோல் தோன்றும். பார்வை செல்லும் திசையில் சிறிது வெளி விடுதல் வேண்டும். இவையெல்லாம் எழுத்துப்பிழை களைவது போன்றவை. பிழையற்ற கட்டுரை யாவும் நல்ல கட்டுரை ஆகிவிடுவதில்லை என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கலைஞர் ஆர்னால்டு நியூமன், இசையமைப்பாளர் இகோர் ஸ்திராவின்ஸ்கியை 1946-ஆம் ஆண்டில் எடுத்த படத்தை நோக்குவோம். திறந்து நிறுத்திய பியானோ மூடியின் கரிய வடிவமே படத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்கிறது. மேலையிசையில் சுரத்தை அரைப்படி தாழ்த்தும் குறியை அது ஒத்திருக்கிறது. இசையமைப்பாளரோ இடப்புறக் கீழ்மூலையில், தலையைக் கையில் தாங்கிச் சிறிதாய்க் காணப்படுகிறார். நெகடிவில் இதனினும் பரந்த காட்சி இருந்தது. நியூமன் அதனைக் கத்தரித்தே இவ்வமைப்பினை அடைந்தார். முகம் பெரிதாகட்டும் என்று அவர் கத்தரிக்கவில்லை. மனிதருக்கும் அவர் தொழிலுக்கும் உள்ள உறவு புலப்படும் எல்லையில் கத்தியை நிறுத்தினார். படத்தை எடுக்கச் சொன்ன ‘ஹார்ப்பர்ஸ் பசார்’ இதழ் அதனை ஏற்க மறுத்துவிட்டது! இதழாசிரியர்களும் சில வேளைகளில் நம்மைப் போன்றவர்களே.

இதற்கு மறுதலையானது சே குவேராவின் புகழ்பெற்ற படம். 1960 மார்ச் 4-ஆம் நாள் ஹவானாத் துறைமுகத்தில் ‘லா கூப்ர்’ என்னும் கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். மறுநாள் நடந்த இரங்கல் கூட்டத்தில், மேடையின் முன்புறம் சில நொடிகளே வந்து நின்ற சே குவேராவை ஆல்பர்ட்டோ கோர்டா படமெடுத்தார். அகலவாட்டில் அமைந்த அந்த நெகடிவின் ஒருபுறம் வேறொரு மனிதரின் பக்கத்தோற்றம் தெரிகிறது. மறுபுறம் பனையினத்து மரமொன்றின் ஓலைகள். கோர்டா இரண்டையும் நீக்கினார். எஞ்சியது தொப்பியும் விரிந்த கூந்தலும் தொலைநோக்கிய விழிகளுமே. ‘ரெவொலுசியோன்’ நாளேடு அப்போது அதனை வெளியிடவில்லை. 1967-ஆம் ஆண்டு சே குவேரா கொல்லப்பட்ட பின்னரே அது சுவரொட்டியாகி உலகெங்கும் பரவியது.

அழகியல் நோக்கில் இக்கத்தரிப்பு வெற்றியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் நீக்கப்பட்டவை யாவை என்று எண்ணிப் பாருங்கள். ஓலைகள் ‘இது கியூபா’ என்றன. அருகிருந்த மனிதர் ‘இது கூட்டம்’ என்றார். இரண்டும் போனபின் அவ்விழிகள் எதை நோக்குகின்றன என்பதற்குச் சான்றில்லை. மாண்டவர்களுக்காகக் கூடிய மக்கள்முன் நின்ற ஒருவரின் பார்வை, எதிர்காலத்தை நோக்கும் தீர்க்கதரிசியின் பார்வையாயிற்று. இடமும் காலமும் கழன்றுவிட்ட முகத்தைச் சட்டையில் அச்சிடுவதும் எளிதாயிற்று. சின்னம் என்ற வகையில் ஆக்கம்; உருவப்படம் என்ற வகையில், நன்னூலார் முதலிற் சொன்ன குற்றம்.

படத்துக்குரியவரே கத்தரியை எடுத்ததும் உண்டு. ஐன்ஸ்டீன் தம் 72-ஆம் பிறந்தநாளன்று, 1951 மார்ச் 14-இல், பிரின்ஸ்டனில் நாக்கை நீட்டியபடி நிற்கும் படமாக நாம் அறிந்தது, உண்மையில் காரின் பின்னிருக்கையில் இருவருக்கு நடுவே அமர்ந்திருந்தபோது ஆர்தர் சாஸ் எடுத்தது. ஐன்ஸ்டீன் அவ்விருவரையும் நீக்கிய படிகளை நண்பர்களுக்கு வாழ்த்தட்டையாக அனுப்பினார். விடாது துரத்திய படக்காரர்களை நோக்கிக் காட்டிய சலிப்பு, அதன்பின் உலகை நோக்கிய குறும்பாக மாறிற்று. இங்குக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முகம் அவருடையது, தீர்ப்பும் அவருடையது.

நம்மிடையே இத்தீர்ப்பை வழங்குவோர் பெரும்பாலும் மலர்க்குழுவினரே. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் படம் தேவைப்படும்போது, பழைய கூட்டப்படம் ஒன்றில் அவர் முகத்தைச் சுற்றி வட்டமிட்டுக் கத்தரித்து அச்சிடுகிறோம். பின்புறத் துணிப்பதாகையில் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கலாம். அருகே அமர்ந்தவர் அவருடைய முதற்கதையை வெளியிட்டவராக இருக்கலாம். இலக்கிய வரலாறு எழுதுவோருக்கு முகத்தினும் அவையே பயன்படும். அத்தகைய வட்டப்படங்களில், ஓரத்தில் வேறொருவர் சட்டைத்தோளின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மூலப்படம் தொலைந்துவிட்டால், அந்தத் தோளுக்குரியவர் யாரென்று அறிய வழியில்லை.