சொல்லச் சொல்ல எழுதும் கணிப்பொறி: ஒரு மதிப்பீடு

நாம் பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் சர்வசாதாரணமாகிவிட்டன. தமிழுக்கும் இவ்வசதி உண்டு. கூகுள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்திச் சலித்தவர்கள் பலர், ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசத் தொடங்கிவிட்டனர். மாணவர்கள் பாடக் குறிப்புகளையும், ஆசிரியர்கள் வினாத்தாள்களையும்கூட இவ்வாறே 'எழுதுகிறார்கள்'. இக்கருவிகளைப் பற்றி வரும் பேச்செல்லாம் பெரும்பாலும் வேகத்தையும், நூற்றுக்கு இத்தனை சொற்கள் சரி என்ற கணக்கையும் சொல்லிப் பாராட்டுவதோடு முடிந்துவிடுகிறது. பாராட்டு தகும். ஆனால் அந்தக் கணக்கு எதை மறைக்கிறது என்பதை விளக்குவோர் குறைவு.

கருவியின் உட்புறத்தை முதலில் சற்றுப் பார்ப்போம். ஒலிவாங்கியின் மென்தகடு காற்றழுத்த மாறுபாட்டுக்கேற்ப அதிர்கிறது. அவ்வதிர்வு மின்னழுத்த மாறுபாடாகிறது. அது வினாடிக்குப் பெரும்பாலும் 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. பிறகு அந்த எண்வரிசையை 25 மில்லிவினாடி நீளமுள்ள துண்டுகளாக, 10 மில்லிவினாடிக்கு ஒரு துண்டு வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்று கணக்கிடுகிறார்கள். இதுவரை நடப்பது நாம் அறிந்த இயற்பியலே. சிக்கல் இதற்கு அப்பால்தான். ஒரே மனிதர் ஒரே சொல்லை இருமுறை சொன்னாலும் இந்த எண்கள் ஒன்றாக இரா. சளி பிடித்திருந்தால் மாறும். மின்விசிறி ஓடினால் மாறும். அதோடு, எழுதும்போது சொற்களுக்கிடையே இடம் விடுவதுபோலப் பேசும்போது நாம் இடைவெளி விடுவதும் இல்லை.

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'ஆட்ரி' என்றொரு கருவி செய்தார்கள். பழகிய குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பத்து இலக்கங்களை மட்டும் அது கண்டுகொண்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1969-இல், அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ் இத்துறை முழுவதையும் கடுமையாகச் சாடி ஒலியியல் ஆய்விதழில் ஒரு கடிதம் எழுதினார். ('டிரான்சிஸ்டர்' என்ற பெயரைச் சூட்டியவர் இவரே.) ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு உள்ள அளவு மொழியறிவும் அறிவாற்றலும் இல்லாத பொறி, பொதுவான பேச்சை எழுத்தாக்கவே முடியாது என்பது அவர் வாதம். அவர் சொன்னது பாதி சரி. காதால் மட்டும் இக்காரியம் ஆகாது, மொழியறிவு வேண்டும். ஆனால் அந்த அறிவுக்குப் பதிலாக ஒரு கணக்கை வைத்து வேலையை ஒப்பேற்றிவிடலாம் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கணக்கு நிகழ்தகவு. ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் செய்யுட் காவியம் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் மெய் வருவது எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் வருவது எத்தனை முறை என்று கையாலேயே எண்ணினார். அன்று அது வேலையற்ற வேலையாகச் சிலருக்குத் தோன்றியிருக்கக்கூடும். 1972 முதல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பிரெடரிக் ஜெலினெக்கும் அவர் குழுவினரும் இதே எண்ணத்தைப் பேச்சுக்குப் பயன்படுத்தினர். அவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு. இந்தச் சொற்றொடரைச் சொல்லியிருந்தால் இப்படிப்பட்ட ஒலி எழுந்திருக்குமா? இப்படிப்பட்ட சொற்றொடரை மனிதர்கள் பொதுவாகச் சொல்வார்களா? இரண்டு நிகழ்தகவுகளையும் பெருக்கி, பெருக்குத்தொகை எதற்கு மிக அதிகமோ அதை எழுது. இவ்வளவுதான் அடிப்படை. 1980-களின் நடுவில் அவர்களுடைய 'டாங்கோரா' 20,000 சொற்களைக் கையாண்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் நிறுத்த வேண்டும். 1997-இல் வந்த 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' சரளமாகப் பேச விட்டது. இன்றைய மென்பொருள்களில் இவ்விரு கணக்குகளும் நரம்பு வலைப்பின்னல் என்ற ஒரே அமைப்புக்குள் கலந்து கிடக்கின்றன. ஆயினும் பாதி கேட்பது, பாதி ஊகிப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

காது சற்று மந்தமான பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'சாப்பிட்டீர்களா?' என்று மெதுவாகக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வார்கள். மதிய வேளையில் வீட்டுக்கு வந்தவர் வேறென்ன கேட்கப் போகிறார்? வழக்கமான பேச்சு வரையில் அவர்கள் காதில் குறை இருப்பதே தெரியாது. வழக்கமில்லாத ஒன்றைக் கேட்டால்தான் விஷயம் வெளிப்படும். குரல்வழித் தட்டச்சும் அத்தகைய பெரியவரே. ஊகத்தின் திறமை கூடக் கூட மொத்தத் தவறுகள் குறைகின்றன. மிஞ்சும் தவறுகள் நாம் வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் சொல்லும் இடத்தில் போய்ச் சேருகின்றன. அறிவியல் எழுத்தில் அந்த இடமே முக்கியமான இடம்.

தமிழ்வழி மாணவர்களுக்கான செய்முறைக் குறிப்பு ஒன்றை நான் இப்படிப்பட்ட மென்பொருளிடம் நிதானமாக வாசித்தேன். (எந்த மென்பொருள் என்பது இங்கு முக்கியமன்று.) சுமார் 300 சொற்களில் 11 தவறுகள் வந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி என்று விளம்பரமே செய்யலாம். பாராட்ட வேண்டியதும் இருந்தது. ரகர றகரங்களை நம்மில் பெரும்பாலோர் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. இருந்தும் 'பறவை', 'அறை', 'சுற்று' எல்லாம் பிழையின்றி வந்தன. இங்கே ஊகம் நமக்குத் துணை செய்கிறது. அந்த 11 தவறுகளில் ஏழு, சொற்களைச் சேர்த்தோ பிரித்தோ எழுதியதும் ஒற்று விட்டுப்போனதும்தான். எட்டாவது, 'கிர்ச்சாஃப் விதி' என்பது 'கிரி சார் விதி' ஆனது. வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம். சிரிப்பதற்குள் திருத்தியும் விடலாம்.

எஞ்சிய மூன்றில்தான் எனக்குக் கவலை. 'குழிஆடி' என்று சொன்ன ஓரிடத்தில் 'குவிஆடி' என்று வந்தது. 'மின்தேக்கியின் மின்னூட்டம்' என்பது 'மின்தேக்கியின் மின்னோட்டம்' ஆயிற்று. 'சீரான முடுக்கம்' என்பது 'சீரான முடக்கம்' ஆயிற்று. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. செய்தித்தாள்களில் முடுக்கத்தைவிட முடக்கமே அதிகம் வரும். மின்னூட்டத்தைவிட மின்னோட்டமே பழக்கமான சொல். பொறி தன் கணக்குப்படி நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் குவிஆடி தன் முன் வைத்த பொருளுக்கு ஒருநாளும் மெய்பிம்பம் தராது. அந்த வாக்கியத்தைப் படித்துத் தேர்வு எழுதப் போகும் மாணவனுக்கு அதில் ஐயமே எழாது, அச்சடித்ததுபோல் இருக்கிறதே! கைப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். விசைப்பலகையில் விரல் தவறினால் 'மின்னூடடம்' என்று விழும். கண் உடனே பிடித்துவிடும். ஊகப் பிழைக்கு அந்த நல்ல குணம் இல்லை. இல்லாததையும் இருப்பதையும் பிரிக்க நம் மொழி சில இடங்களில் ஓரெழுத்தையே நம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: 'செய்ய வேண்டும்', 'செய்ய வேண்டாம்'.

நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கை இப்போது மீண்டும் எடுத்துக்கொள்வோம். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், புதிதாக நுழைந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, உண்மையில் சொன்ன சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பதே இத்துறையின் அளவுகோல். 'கிரி சார்' செய்த தவறும், குழியைக் குவியாக்கிய தவறும் இதற்கு ஒன்றே. தமிழுக்கு இது வேறொரு வகையிலும் பொருந்தாது. 'வந்துகொண்டிருந்தபோது' என்ற ஒரு சொல்லைப் பொறி 'வந்து கொண்டிருந்த போது' என்று பிரித்து எழுதினால், ஒரு சொல்லில் மூன்று தவறுகள் என்று கணக்காகும்! பொருளில் கடுகளவும் மாற்றமில்லை. இவ்வளவுகோல் பொறிக்கும் அநீதி இழைக்கிறது, நமக்கும் இழைக்கிறது. சொல்லுக்கு 95 விழுக்காடு சரி என்பதன் பொருள் என்ன என்பதையும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், பத்துச் சொல் வாக்கியம் ஒன்று முழுதும் சரியாக வர வாய்ப்பு 0.95-இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 0.60. பத்து வாக்கியங்களில் நான்கைத் திருத்தவேண்டி வரும்.

வேகம் பற்றிய கூற்றிலும் சற்று நிதானம் தேவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2016-இல் நடந்த ஆய்வில், ஆங்கிலத்தில் கைப்பேசியில் தட்டுவதைவிடப் பேசுவது ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவு என்று கண்டார்கள். ஆனால் அங்கே கலந்துகொண்டவர்கள் கொடுத்த தொடர்களைத் திருப்பிச் சொன்னார்கள். தாமாக எதையும் யோசித்து எழுதவில்லை. 1999-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் கேரட்டும் உடனிருந்தோரும் புதிய பயனாளர்களிடம் செய்த ஆய்வு இதைப் பிரித்துக் காட்டுகிறது. திருத்தும் நேரத்தையும் சேர்த்தால், கொடுத்ததைப் பேசிப் பதிவதில் நிமிடத்துக்கு 13.6 சொற்கள், சொந்தமாக இயற்றுவதில் 7.8. விசைப்பலகையிலோ முறையே 32.5, 19. அன்றைய மென்பொருளைவிட இன்றையது எவ்வளவோ மேல்; அந்த எண்கள் இன்றைக்குச் செல்லா. எனினும் யோசித்து இயற்றும்போது வேகம் பாதியளவுக்கு விழுவது இரண்டு முறைகளிலும் உண்டு. அது பொறியின் குற்றமன்று, மனத்தின் இயல்பு.

ஊகம் கட்டுக்கடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஓபன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பயின்றது. பல மொழிகளில் வியக்கத்தக்க திறமை கொண்டது. 2024-இல் வெளியான ஆய்வொன்று, அதன் எழுத்துப்படிகளில் சுமார் ஒரு விழுக்காட்டில் யாருமே பேசாத சொற்றொடர்கள் முழுதாக முளைத்திருந்ததைக் காட்டியது. பேச்சில் நீண்ட மௌனம் வரும் இடங்களோடு இது தொடர்புடையதாகத் தெரிந்தது. மூளைப் பாதிப்பால் பேச்சுத் தடைப்பட்டவர்களின் பதிவுகளில் அத்தகைய மௌனம் அதிகம். யாருக்கு இக்கருவி பெரும் உதவியாக இருக்கக்கூடுமோ அவர்கள் பேச்சிலேயே அது கற்பனையைச் சேர்க்கிறது என்பது சிறிய குறையன்று. 2020-இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை ஒப்பிட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சராசரித் தவறு 19 விழுக்காடு, கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடு என்று வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பேச்சில் யாருடைய பேச்சு குறைவோ அவர்களுக்குத் தவறு மிகுதி. வட்டார வழக்கில் பேசும் தமிழர்களுக்கு இதன் பொருள் விளக்காமலே புரியும்.

இவற்றையெல்லாம் சொல்வதால் இக்கருவி வேண்டாம் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். கைவலியாலும் ஊனத்தாலும் விசைப்பலகையைத் தொட முடியாதவர்களுக்கு வேகமோ விழுக்காடோ கேள்வியே அல்ல. பிறர் கையை எதிர்பாராமல் எழுத முடிகிறது என்பதே பெரிது. கடிதம், நாட்குறிப்பு, முதல் வரைவு ஆகியவற்றுக்கு யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

என் குறை மென்பொருளைச் செய்வோர்மீதுதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் பிழை எல்லையைக் குறிக்காமல் அளவீட்டைக் கொண்டுவந்தால் நாம் ஏற்பதில்லை. இப்பொறிகளோ ஒவ்வொரு சொல்லையும் ஒரு நிகழ்தகவோடுதான் தேர்ந்தெடுக்கின்றன. அந்த எண் உள்ளே இருக்கிறது. நிரல் எழுதுவோர் கேட்டால் அதைத் தரும் சேவைகளும் உள்ளன. பேசுகிறவரின் திரையில் மட்டும் எல்லாச் சொற்களும் ஒரே கறுப்பு மையில், ஒரே உறுதியோடு வந்து நிற்கின்றன. ஐயமான சொல்லுக்குக் கீழே கோடிடும் ஏற்பாடு சில மென்பொருள்களில் இருக்கிறது. நான் வாசித்துப் பார்த்த குறிப்பில் குவிஆடிக்கும் முடக்கத்துக்கும் மின்னோட்டத்துக்கும் அத்தகைய கோடு எதுவும் விழவில்லை. அந்த எண்ணும் எப்போதும் நம்பத்தக்கதன்று, பொறி தவறாகவே உறுதி கொள்வதும் உண்டு. இருப்பினும் சொல்லின் நிறத்தை அதன் உறுதிக்கேற்ப வெளிறச் செய்வது கடினமான காரியம் அன்று. தமிழுக்கு மென்பொருள் செய்யும் இளைஞர்கள் ஒரு கல்லூரிச் செயல்திட்டமாகவே இதைச் செய்து பார்க்கலாம்.