முடியாத காரும் கடைசி நிமிடக் கணக்கும்

பள்ளி நண்பன் ஒருவன் கலிபோர்னியாவில் இருக்கிறான். போன மாதம் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பி, "இத வாங்கி, முடிச்சு, வித்தா எப்படிடா இருக்கும்?" என்று கேட்டான். 1932 ஃபோர்டு கூப்பே உருவத்தில் ஒரு ஃபைபர் பாடி, புதிதாகச் செய்த சேஸிஸ், தனியாக ஸ்டாண்டில் நிற்கும் 350 செவ்ரோலெட் இன்ஜின், பதினாலு அட்டைப்பெட்டி நிறைய உதிரி பாகங்கள். கேட்கும் விலை 18,000 டாலர். "தொண்ணூறு சதவீதம் முடிந்தது, அப்பா 40,000க்கு மேல் செலவழித்த பில் இருக்கிறது" என்று மகன் எழுதியிருந்தார்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. என்னைக் கேட்டதற்குக் காரணம் வேறு. நாங்கள் இரண்டு பேரும் வருடக்கணக்காக 'வீலர் டீலர்ஸ்' பார்க்கிறவர்கள். "அதுல எத்தனை வண்டி லாபத்துல போச்சு, பாத்தோம்ல?" என்றான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், கடைசியில் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபது வருடம் தாமதமான விமர்சனம்.

தெரியாதவர்களுக்காக: 2003இல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி, பின்னாளில் கலிபோர்னியாவுக்கு இடம் மாறியது. மைக் ப்ரூவர் பழைய கார் ஒன்றைப் பேரம் பேசி வாங்குவார். எட் சைனா ஷெட்டில் அதைப் பிரித்துச் சரி செய்வார். திரும்ப மைக் விற்பார், கை குலுக்கல். அதன்பின் திரையில் ஒரு கணக்கு வரும்: வாங்கிய விலை, பாகங்களின் செலவு, விற்ற விலை, லாபம்.

அந்தக் கணக்கில் எட் சைனாவின் உழைப்பு இருக்காது. ஒரு மணி நேரத்துக்குக்கூட கூலி கிடையாது. இது ரகசியமில்லை, பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனதில் தங்குவது அந்தக் கடைசி எண்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன், கணக்கு வந்ததும் திருப்தியாக டிவியை அணைத்தேன்.

நிகழ்ச்சியை இதற்காக மட்டும் திட்டுவது நியாயமில்லை. எட் இருந்தவரை ஷெட் காட்சிகள் பாடம் மாதிரி இருந்தன. ஒரு பேரிங்கை எப்படி வெளியே எடுப்பது, துருப்பிடித்த இடத்தை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று பொறுமையாகக் காட்டுவார். அந்தப் பகுதியைச் சுருக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் 2017இல் அவர் விலகும்போது சொன்ன காரணம். கணக்கில் ஏற்கெனவே இல்லாத உழைப்பைக் காட்சியிலும் குறைக்க நினைத்திருக்கிறார்கள். அவர் போனதற்கு அப்புறம் நான் பார்த்தது குறைவு.

சரி, நண்பனின் காருக்கு வருவோம். இதே மாதிரி முடித்த ஃபைபர் கூப்பேக்களுக்கு அவன் பக்கத்தில் 35,000 கேட்கிறார்களாம். ஒயரிங், பிரேக் குழாய், டிங்கரிங் எல்லாம் தானே செய்துகொள்வான். பெயின்ட், கண்ணாடி, சீட் தையல், விட்டுப்போன பாகங்கள் எல்லாம் சேர்த்து 12,000 ஆகும் என்றான். ஆக, லாபம் 5,000. வீலர் டீலர்ஸ் கணக்கு அச்சு அசலாக அப்படியே. எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வார இறுதிகள்ல செஞ்சா ஒரு 600 மணி" என்றான். 5,000ஐ 600ஆல் வகுத்தால் மணிக்கு எட்டு டாலர் சொச்சம். கலிபோர்னியாவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே 16 டாலருக்கு மேல். அதுவும் அந்த 35,000 கேட்கிற விலைதான், விற்ற விலை அல்ல.

இதுவரை வெறும் கூட்டல் கழித்தல். என் சந்தேகம் இன்னும் ஆழமான இடத்தில். அந்த நிகழ்ச்சி சரி செய்வது பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்த காரை. அதற்கு ஒரு 'சரி' இருக்கிறது. எந்த போல்ட் எங்கே, எந்த நிறம், கதவு இடைவெளி எவ்வளவு என்று தொழிற்சாலையே எழுதி வைத்திருக்கிறது. வேலை எங்கே முடிகிறது என்று வாங்குபவருக்கும் தெரியும். ஹாட் ராடுக்கு அப்படி ஒன்று கிடையாது. தெற்கு கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், மூராக் போன்ற இடங்களில், 1930களிலேயே இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேகம் பார்த்தார்கள். ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு யோசனை. 1932 ஃபோர்டு அவர்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதில் வந்த 221 கன அங்குல வி-8 இன்ஜின். சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர். அதற்கு மேல் எல்லாமே செய்பவரின் ரசனை. எவ்வளவு தாழ்த்துவது, கூரையை எத்தனை அங்குலம் வெட்டுவது, என்ன சக்கரம்.

ஆகவே பாதியில் நிற்கும் ஹாட் ராடை வாங்குகிறவர், இன்னொருவர் எடுத்த முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறார். வெட்டியதை ஒட்ட முடியாது. இன்னொருவர் போட்ட வெல்டிங்கைக் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. நண்பன் அனுப்பிய படங்களை உற்றுப் பார்த்தேன். பெட்டியில் இருக்கும் சக்கரங்கள் பளபளக்கும் பில்லட் அலுமினியம். சீட்டுக்காக வாங்கி வைத்திருப்பது சாம்பல் நிற ட்வீட் துணி. மீட்டர் எல்லாம் டிஜிட்டல். பாய்ட் காடிங்டன் பட்டறையிலிருந்து வந்த வழவழப்பான வண்டிகள் 80களிலும் 90களிலும் பரப்பிய ரசனை இது. அந்த அப்பா 90களில் ஆரம்பித்து அங்கேயே நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது. இன்றைக்கு இந்த வண்டிகளைத் தேடுகிறவர்களில் பலர் இரும்புச் சக்கரம், பழைய ஃப்ளாட்ஹெட் இன்ஜின், தோல் சீட் என்று 40கள், 50களின் பாணிக்குத் திரும்பிவிட்டார்கள். அப்படியென்றால் 40,000 டாலர் பில்லில் ஒரு பகுதி, இன்றைக்கு யாரும் விரும்பாத முடிவுகளுக்குக் கொடுத்த காசு. நண்பன் அதைக் கழற்றிப் போட்டால் 12,000 போதாது. போடாமல் முடித்தால் 35,000 வராது.

விளம்பரத்தில் இன்னொரு வரி: 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்து மஞ்சள் கூப்பேயைப் பார்த்து அப்பா ஆசைப்பட்டது. 1973இல் வந்த ஜார்ஜ் லூகாஸ் படம், கதை நடப்பது 1962இல். ஜான் மில்னர் என்ற இளைஞன் ஊரிலேயே வேகமான டியூஸ் கூப்பேயை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சுற்றுகிறான். அவன் அந்தக் காரைக் கட்டிய நாட்கள் படத்தில் இல்லை. நமக்குக் கிடைப்பது முடிந்த கார் மட்டும்தான், வீலர் டீலர்ஸின் கடைசிக் காட்சி மாதிரி. ஆனால் லூகாஸ் ஒன்றை நேர்மையாகச் செய்திருக்கிறார். கடைசி ரேஸில் எதிராளியின் செவ்ரோலெட் கவிழ்ந்து மில்னர் ஜெயிக்கிறான். ஜெயித்தவன் மகிழ்வதில்லை, தான் தோற்றுக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். அந்தக் காரின் காலம் முடிகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருடமாக அந்தப் படத்தைப் பார்த்து வண்டி கட்ட ஆரம்பித்தவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியை எப்படித் தாண்டிப் போனார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

டைட்டில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நண்பன் அதைக் கேட்கவே மறந்திருந்தான். டைட்டில் என்பது வண்டியின் உரிமைப் பத்திரம், நம் ஆர்.சி. புத்தகம் போல. புது சேஸிஸ், புது ஃபைபர் பாடி என்றால் கலிபோர்னியாவில் அது 1932 ஃபோர்டே அல்ல, தனியாகக் கட்டிய வண்டி. புகைச் சோதனையில் பழைய வண்டியாகக் கருதும் சலுகை வருடத்துக்கு 500 வண்டிகளுக்குத்தான். அது கிடைக்காவிட்டால் 350 இன்ஜினை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியதுதான். தெளிவான காகிதம் இல்லாத வண்டியை முடித்தாலும் விற்க முடியாது.

நான் அவனுக்கு எழுதியது இவ்வளவுதான். பில்லிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாதே, விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிப் போடு. 35,000இல் 12,000 போகட்டும். உன் 600 மணிக்கு, மணிக்கு 20 டாலர் என்று வைத்து இன்னொரு 12,000 எடுத்து வை. மிச்சம் 11,000. பெட்டிகளுக்குள் என்ன இல்லை என்று தெரியாததற்கு 2,000 கழி. ஒன்பதாயிரம். அதுவும் காகிதம் சரியாக இருந்தால். விற்பதற்காக இல்லை, நானே ஓட்டத்தான் என்றால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடு, 600 மணி உனக்குச் சந்தோஷமாகவே இருக்கலாம்.

நண்பன் போய்ப் பார்த்தான். பெட்டிகளின் மேல் அப்பாவின் கையெழுத்தில் "இடது கதவு", "ஹீட்டர்", "பிறகு பார்க்க" என்று எழுதியிருந்ததாம். அந்தப் "பிறகு பார்க்க" மட்டும் நாலு பெட்டி. காகிதம் அப்பா பெயரில் சரியாகவே இருந்தது. ஒன்பதாயிரம் என்று சொன்னதும் மகன் கோபப்படவில்லை, முகம்தான் வாடிவிட்டது என்றான். "அப்பா போட்ட காசுல கால்வாசிகூட இல்லையே" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். "அந்தாளப் பாத்து அதுக்கு மேல பேரம் பேச முடியலடா" என்று நண்பன் திரும்பி வந்துவிட்டான். மைக் ப்ரூவர் இருந்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

நேற்று பார்த்தேன், விளம்பரம் இன்னும் இருக்கிறது. விலை 16,500.