போதிகையில் படிந்த காலம்

கோயிலின் வயதைக் கல்வெட்டைக் கொண்டே சொல்ல முடியும் என்பது பொதுவான எண்ணம். கல்வெட்டே இல்லாத கோயிலை என்ன செய்வது? தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கி நிற்கும் போதிகையைப் பார்க்கச் சொன்னார், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய்.

தமிழகக் கட்டடக்கலை பற்றிய நவீன ஆய்வு அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. சிற்ப நூல்களைத் தேடித் தொகுத்து ராம் ராஸ் எழுதிய கட்டுரை 1834இல் லண்டனில் வெளியானது. 1876இல் ஜேம்ஸ் பெர்குசன் இந்தியக் கட்டடங்களை வகைப்படுத்தி வரலாறு எழுதினார். 1914இல் வந்த துப்ராயின் நூலோ ஸ்தபதிகளிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, காலம் தெரிந்த கோயில்களோடு பொருத்திப் பார்த்தது. இத்துறையின் பெரிய திருப்பம் அதுதான்.

பல்லவர் போதிகையில் அலை அலையாகத் தரங்கம் ஓடும். அதன் நடுவே ஒரு பட்டை இறங்கும். சோழர் கைக்கு வந்ததும் அலை மெல்ல மறைகிறது. சாய்வாகச் செதுக்கிய முகத்தின் நடுவில் ஒரு முளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. விஜயநகரக் காலத்தில் அது மொட்டாகத் தொங்குகிறது. நாயக்கர் காலத்துக்குப் பின் வாழைப்பூவாகவே விரிந்துவிடுகிறது. கூரை விளிம்பான கபோதத்தில் வரிசையாக இருக்கும், கூடு எனப்படும் லாட வடிவ வளைவுகளும் இப்படித்தான். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி அலகைப் போலத் தட்டையாக இருக்கும். சோழர் கூட்டில் அந்த இடத்தில் சிங்கமுகம் ஏறிவிடும். இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரே பிராகாரத்துக்குள் நான்கு நூற்றாண்டுகள் தனித்தனியாகத் தெரியும்.

கலை வரலாறு காலக்கணக்கோடு நின்றுவிடுவதில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பொறித்திருக்கிறான். அதைப் படித்த கண்ணோடு மாமல்லபுரம் ரதங்களுக்கு முன் நின்றால், திரௌபதி ரதத்தில் கூரைவேய்ந்த குடிலும் பீம ரதத்தில் வண்டிக்கூடு போன்ற கூரையும் கல்லில் தெரியும். அழிந்துபோன மரக் கட்டடங்களின் சாயல் அது. சகாதேவ ரதத்தை அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் அருகில் நிற்கும் கல்யானையின் பின்புறமும் ரதத்தின் பின்புறமும் ஒரே வளைவில் இருக்கின்றன. யானையை அங்கே நிறுத்திய சிற்பி பார்ப்பவனுக்குப் பாடமே நடத்தியிருக்கிறான்.

1931ஆம் ஆண்டு இத்துறைக்கு மறக்க முடியாதது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியங்களைத் துப்ராய் கண்டார். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். வெறும் கல்லாகத் தெரிந்த சுவர்கள் ஒருகாலத்தில் வண்ணமும் பூண்டிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது.

இத்துறை தவறியதும் உண்டு. நாயக்கர் காலக் கட்டடங்களைச் சரிவின் அடையாளம் என்று பழைய ஆய்வாளர் பலர் ஒதுக்கினார்கள். அது நியாயமில்லாத தீர்ப்பு. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவருடைய முன்னோரும் தூண்களில் ஆளுயரச் சிலைகளாக நிற்கிறார்கள். விழாவும் அரசும் கூடிய மேடையாக அம்மண்டபத்தைப் படித்த பிற்கால ஆய்வுகள்தான் அதற்குரிய மதிப்பைத் தந்தன.

திருப்பணி நடக்கும் ஊர்களில் பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்தால் தரங்கத்தின் விளிம்பும் கல்வெட்டின் எழுத்தும் சேர்ந்தே தேய்கின்றன. சிதைந்த போதிகையை அகற்றுமுன் அதைப் படமெடுங்கள். அதன் காலத்தை அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.